கோழிக்குத் தண்ணீர் வைத்த தொப்பி

பாதித் தலை மழித்தாகிவிட்டது. ஆண்டியப்பன் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக் கல்லின்மேல் குத்துக்காலிட்டுக் குனிந்திருந்தார். பீலித் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. டவுனில் சலூன் வைத்திருக்கும் நிரோஷன் இடது பக்கத்தை முடித்துவிட்டுப் பிளேடை மாற்றிக்கொண்டிருந்தார். மேலே, வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் சாவுத் தப்பு முழங்கியது.

"அண்ணே, தலைய ஆட்டாதீங்க. வெட்டிரும்."

"நானா ஆட்டுறேன்? தப்புச் சத்தம் ஆட்டுது."

சாவு வீட்டில் இப்படிப் பேசலாமா என்று ஆண்டியப்பனுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அண்ணன் இருந்திருந்தால் முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் கண் நிறைந்துவிட்டது. முகத்தில் ஏற்கெனவே தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் நிரோஷன் கவனிக்கவில்லை.

செத்தவர் அண்ணன் சோலைமலை. முந்தின நாள் மத்தியானம் குடிக்கப் பிளேன்டி கேட்டாராம். பேச்சியம்மா மதினி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். ஆண் பிள்ளை கிடையாது, சர்மிளா ஒருத்திதான். ஆகவே பானை தூக்கிக் குழியைச் சுற்றும் கடமை தம்பி தலையில் வந்தது. தோட்டத் தலைவர் நல்லமுத்து வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "நிரோஷனக் கூப்பிடுங்க" என்று ஆண்டியப்பன் சொல்லிவிட்டார்.

ஆண்டியப்பனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வலது காது கேட்காது. இரண்டுக்கும் காரணம் ஒரு இரும்புத் தொப்பி.

அவர்களுடைய அப்பா பங்களாவில் துரைக்குப் பணிவிடை செய்யும் அப்புவாக வேலை பார்த்தவர். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டியபோது, வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான் பங்களாப் பின்பக்கத்தில் குவிந்து கிடந்தது. அதிலிருந்து அப்பா அந்தத் தொப்பியைத் தூக்கிவந்தார். துரை வாலிபத்தில் பர்மாப் பக்கம் சண்டைக்குப் போனபோது தலையில் போட்டிருந்ததாம். அம்மா அழகம்மா அதைக் கவிழ்த்துப் பார்த்தாள், மல்லாத்திப் பார்த்தாள், கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். அதன் முதல் மதிப்பு அவ்வளவுதான்.

சோலைமலைதான் அதைக் கோழிகளிடமிருந்து மீட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அன்று பிடித்தது பைத்தியம். குப்பைமேட்டைக் கிளறினார். பழைய பங்களாக்களில் சமைத்த கோக்கிமாரின் வீடுகளைத் தேடி உடப்புசல்லாவை வரை போனார். வெற்றுத் தோட்டாக் கூடு, பித்தளைப் பொத்தான், தோள் சின்னம், நாடா இற்றுப்போன மெடல் என்று ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்தார். சம்பள நாளில் மற்றவர்கள் டவுனுக்குப் படம் பார்க்கப் போனால் இவர் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். "இதெல்லாம் ஒரு காலத்துல பேசும்டா" என்பார் தம்பியிடம். தம்பிக்கு அண்ணன் வாக்கு வேதவாக்கு.

பேசத்தான் செய்தது. நாட்டில் சண்டை முற்றிய வருடங்களில், தமிழ் வாலிபன் வீட்டில் பட்டாளச் சாமான் கிடைத்தால் அது எந்தக் காலத்துப் பட்டாளம் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரு விடிகாலையில் ஆமிக்காரர்கள் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்டியப்பனும் அம்மாவும் இருந்த காம்பராவின் பரணில் இரும்புத் தொப்பியும், அதற்குள் தோட்டாக் கூடுகளும் கிடைத்தன. பக்கத்துக் காம்பராவில், புதுக் கல்யாணம் ஆகியிருந்த அண்ணன் வீட்டில், ஒன்றும் கிடைக்கவில்லை.

தொப்பி அங்கே எப்படி வந்தது என்று ஆண்டியப்பனுக்குத் தெரியாது. முந்தின ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பரணில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது மட்டும் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா, "பூனதாய்யா, தூங்கு" என்றாள்.

ஆண்டியப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; காது ஆமி முகாமில் அடி வாங்கிப் போனது. பேசி முடித்திருந்த பெண், அவர் மறியலில் அடைபட்டுக் கிடந்த காலத்தில் வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். வெளியே விட்ட அன்று வாசலில் நின்றவர் அண்ணன்தான். கட்டிப்பிடித்து அழுதார். டின்னையும் அதிலிருந்த சனியன்களையும் ஆற்றில் கொட்டிவிட்டதாக மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பிறகு மெதுவாக, "அம்மாவ ஒண்ணும் கேக்காத. எனக்கு ஏதும் ஆயிடக்கூடாதுன்னு பயத்துல தூக்கி ஒங்க பக்கம் வச்சிருச்சு. பெத்த மனசு" என்றார்.

அம்மா கடைசி வரை இல்லை என்றாள். "பூனன்னுதான்யா நெனச்சேன்." ஆண்டியப்பன் நம்பவில்லை. மூத்தவனைக் காப்பாற்ற இளையவனைக் காவு கொடுத்தவள் என்ற எண்ணம் நெஞ்சில் ஊன்றிவிட்டது. அவள் போட்ட சோற்றைத் தின்றார், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செத்தபோது, தாய்க்கு இளையவன்தான் பானை தூக்க வேண்டும் என்ற வழக்கப்படி எல்லோரும் அவரைத் தேடினார்கள். தலை கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். சோலைமலைதான் முன்னால் வந்து, மொட்டை போட்டு, பானையைத் தூக்கினார். தம்பி விட்ட குறையை அண்ணன் தன் தலையில் ஏற்றுக்கொண்டதைத் தோட்டத்தில் இன்னமும் சொல்வார்கள்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்றைக்குக் கேளாமலே தலையைக் கொடுத்திருந்தார்.

பீலிக்கு இறங்கும் படியில் குடையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் நிதானமாக இறங்கி வந்தார். நுவரெலியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மஃறூப்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுவார்கள். ஹோட்டல்களுக்குத் துரைமார் காலத்து நாற்காலியும் கிராமபோனும் விற்கிறவர். அண்ணனோடு டவுனில் ஓரிரு தடவை ஆண்டியப்பன் பார்த்திருக்கிறார். தேத்தண்ணிச் சினேகிதம் என்று நினைத்திருந்தார்.

"நீங்கதானே தம்பி, ஆண்டியப்பன்?"

"ஆமாங்க நானா. இப்புடி ஒக்காருங்க."

மஃறூப் ஈரமில்லாத கல்லாகப் பார்த்து உட்கார்ந்தார். "ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. ஒங்களப் போல ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்? தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு மனுசன்."

ஆண்டியப்பனுக்கு நெஞ்சு பூரித்துப்போனது. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை, அது அவர் சுபாவம்.

"அந்த மெடலெல்லாம் இனி யாருகிட்ட ஈக்கும்? மகள்கிட்டயா?"

"எந்த மெடலு?"

"டின்னுல வச்சிருந்தாரே."

"அது ஆத்தோட போயி எவ்வளவோ காலமாச்சுங்களே."

மஃறூப் குடையை மடக்கினார். "என்னா சொல்றீங்க? போன கிழமையும் கடைக்குக் கொண்டுவந்தாரே. வெள்ளக்காரங்க வந்தா போன்ல ஒரு கோல் எடுங்க நானான்னு சொல்லி வச்சிருந்தாரு. வந்து ஒக்காந்து கத சொல்லுவாரு, மகன் இங்கிலீசுல சொல்லிக் குடுப்பான். பழைய சாமானுக்குக் கததானே வெல."

"என்னா கத?"

"ஒங்க கததான். சோதன வரப்போகுதுன்னு லொறி டிரைவர் ஒருத்தர் காதுல போட்டாராம். மெடல டின்னோட அடுப்புக்குப் பின்னால, செங்கல்ல எடுத்துட்டு ஒளிச்சாச்சு. தொப்பி அதுக்குள்ள போகல. ஒண்ணுமே கெடைக்கலன்னா அடுப்ப ஒடச்சுப் பாப்பாங்க, ஏதாச்சும் ஒண்ணு கெடச்சாத்தான் நிப்பாட்டுவாங்கன்னு, தொப்பிய தோட்டாவோட நடுச்செவுத்துக்கு மேலால ஒங்க பக்கம் தள்ளிட்டாராம். நீங்களும் சரின்னு..."

மஃறூப் பேச்சை நிறுத்தினார். எதிரில் இருந்த முகம் சரியாக இல்லை.

லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டிலும் சூழும். ஒரு வீட்டு இருமல் எல்லா வீட்டிலும் கேட்கும். ஒரு ஆள் பலகைமேல் ஏறிக் கை நீட்டினால் பக்கத்து வீட்டுப் பரண் எட்டிவிடும். 'டங்' என்ற அந்தச் சத்தம் ஆண்டியப்பனுக்கு இப்போது கேட்டது, கேட்காத காதிலும் கேட்டது.

"நானும் சரின்னு?" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் செஞ்சீங்கன்னு சென்னாரு. அண்ணன் கல்யாணங் கட்டினவன், நான் தனிக்கட்ட, நா போறேன்னு நீங்களே... அப்புடித்தானே?"

நிரோஷன் பிளேடைக் கல்லின்மேல் வைத்தார்.

"வித்துட்டாரா அதையெல்லாம்?" ஆண்டியப்பன் வேறெதையோ கேட்பதுபோல் கேட்டார்.

"மொதல்ல நாலஞ்சு போச்சு. அப்ப கிராக்கி. இப்ப எவனும் வாங்க மாட்டான். போனத் தொறந்தா ஒலகம் பூரா கொட்டிக் கெடக்குது. அந்த நட்சத்திர மெடலு லெச்சக்கணக்குல அடிச்சுக் குடுத்தது, வாங்கினவன் பேரு கூட வெட்டல. பேரு இல்லாட்டி அது சும்மா பித்தள. நா எவ்வளவோ சென்னேன்." மஃறூப் எழுந்தார். போகிறபோக்கில் வியாபாரி வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தத் தொப்பி இருந்திருந்தா வேற. துரைட பேரும் நம்பரும் உள்ளுக்கு எழுதியிருந்திச்சாமே. அதுக்கு இன்னிக்கும் ஆள் ஈக்குது."

ஆண்டியப்பன் சிரித்தார். "அது கோழிக்குத் தண்ணி வச்சதுங்க, நானா."

துவாலையைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினார். நிரோஷன் ஏதோ கூப்பிட்டார், திரும்பவில்லை.

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பெட்டிக்குள் சோலைமலை படுத்திருந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு, பக்கத்தில் ஒப்பாரிப் பெண்கள். ஆண்டியப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாம்பல் ஆறிக் கிடந்தது. பின் சுவரில் கையை ஓட்டினார். ஒரு செங்கல் ஆடியது. அந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை ஆயிரம் வேளை சாப்பிட்டிருப்பார்! அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பிக்கு இன்னுங் கொஞ்சம் போடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பிஸ்கட் டின் கரிபிடித்திருந்தது. உள்ளே இருந்தவை மட்டும் நேற்றுத் துடைத்ததுபோல் மின்னின.

பின்னால் பேச்சியம்மா வந்து நின்றதை ஆண்டியப்பன் உணர்ந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

வெளியே ஒப்பாரி ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்கியது.

"அன்னிக்கு வெளக்கப் புடிச்சது நாந்தான் தம்பி" என்றாள் பேச்சியம்மா. "புதுப்பொண்ணு. புடின்னாக, புடிச்சேன்."

"அம்மாவுக்கு?"

"அத்தைக்குத் தெரியாது. அவுக பூனன்னேதான் நெனச்சாக."

"அவங்க செத்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே மதினி. மொட்ட போட மாட்டேன்னு நின்னேனே. பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க ரெண்டு பேரும்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காது போனதற்குக்கூட ஆண்டியப்பனுக்கு இப்படி எரிந்ததில்லை. காது அவருடையது, போனால் போகட்டும். அம்மா என்ன பாவம் செய்தாள்? பக்கத்திலேயே இருந்து, ஒரு தட்டில் கை நனைத்து, இத்தனை வருடமும் அந்த மனிதர் அம்மாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு மெடலைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூடப் பிறந்தவன் கழுத்தை அறுத்த கதையை வெள்ளைக்காரனுக்குத் தியாகக் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

"தான் செத்தா நெத்திக்காசுக்குப் பதிலா அதுல ஒரு நட்சத்திரத்த வைக்கச் சொல்லியிருந்தாக" என்றாள் பேச்சியம்மா, தரையைப் பார்த்தபடி. "சொல்லாம இருந்தா பாவம். சொல்லிட்டேன்."

அப்போதுதான் சர்மிளா உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சித்தப்பாவின் துவாலை நழுவியிருந்ததைப் பார்த்தாள். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் நரைத்த முடி.

"என்னா சித்தப்பா இது, பாதியில வந்துட்டீங்க?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மழ வர்றதுக்குள்ள எடுக்கணும்னு தலைவர் சொல்றாரு. ஒங்கள விட்டா அப்பாவுக்கு யாரு இருக்கா?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவளைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குச் சொன்னால் ஒரே நாளில் இரண்டு தடவை அப்பனைப் பறிகொடுப்பாள். ஆண்டியப்பன் டின்னிலிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பா நெத்தியில வையி. கேட்டிருந்தாராம்."

மறுபடி பீலிக்கு இறங்கினார். நிரோஷன் அங்கேயே இருந்தார். மஃறூப்பின் குடை ரோட்டு வளைவில் போய்க்கொண்டிருந்தது. ஆண்டியப்பன் அதே கல்லில் உட்கார்ந்தார்.

"எடுக்கவா, வேணாமாண்ணே?"

ஆண்டியப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டகொடைப் பக்கம் ரயில் கூவியது.

"பாதி அவருக்கு எடுத்தாச்சு. போனது போகட்டும். மிச்சத்த எங்கம்மாவுக்கு எடுங்க."

தலையைப் பிடித்த நிரோஷனின் கை கொஞ்சம் மென்மையானது.

சர்மிளா சந்தனம் குழைத்து நட்சத்திரத்தை ஒட்டியிருந்தாள். நெற்றிக்கு அது பெரிதாக இருந்தது. இரண்டு தடவை சரிந்து புருவத்தில் விழுந்தது. பார்த்தவர்கள், "துரை கையால வாங்கின மெடலு" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆண்டியப்பன் வாய்க்கரிசி போட்டார். அண்ணன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். நிம்மதியாகத் தூங்குகிற முகம். அதுதான் தாங்க முடியவில்லை.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பெட்டி ஏறியது. புதைகாட்டுக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை. ஆனாலும் சர்மிளா வந்தாள், யாரும் தடுக்கவில்லை. ஆண்டியப்பன் தண்ணீர்ப் பானையைத் தோளில் வைத்துக் குழியைச் சுற்றினார். சுற்றுக்கொரு ஓட்டை போட்டார்கள், முதுகு நனைந்தது. திரும்பிப் பார்க்காமல் பானையைப் பின்னால் போட்டு உடைத்தார். ஒரு மகன் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூடியைப் போடுமுன், நெற்றிக்காசு குழி வெட்டியவருக்கு என்ற வழக்கப்படி, அதை வெட்டிய அழகன் குனிந்து நட்சத்திரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காசு என்று நினைத்துத்தான் எடுத்தான். பெட்டி இறங்கியது.

"மொத மண்ணப் போடு ஆண்டியப்பா" என்றார் நல்லமுத்து.

குனிந்து ஒரு பிடி அள்ளினார். மழை ஈரத்தில் மண் பிசுபிசுத்தது. கை குழிக்கு மேலே நீண்டது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஒன்றும் ஆடவில்லை, விரலும் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாவம், முடியல மனுசனுக்கு" என்று பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "என்ன இருந்தாலும் அந்த அண்ணன் மாதிரி வருமா?" நல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்மிளாவுக்குக் கை காட்டினார். அவள் முதல் மண்ணைப் போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள்.

கூட்டம் திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கியது. பானை உடைத்தவன் முன்னால் போக வேண்டும். ஆண்டியப்பன் போகவில்லை. மூடிய கையோடு புதைகாட்டின் மேல் மூலைக்கு நடந்தார். அங்கே சவுக்கு மரத்தடியில் ஒரு பழைய மேடு, மானாப் புல் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. அம்மாவை அடக்கம் செய்த நாளில் இந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை. புல்லை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கையை மேட்டின்மேல் வைத்துத் திறந்தார். விரல் அச்சோடு மண் அப்படியே உருண்டையாக இருந்தது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பரப்பிவிட்டார். பிறகு புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

குழியை மண்ணால் மேவி முடித்த அழகன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். பையிலிருந்து நட்சத்திரத்தை எடுத்து, பெனியனில் துடைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்ணே, இது எங்கயாச்சும் செல்லுமா?"

பதில் வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டான். அவன் நின்றது கேட்காத வலது காதுப் பக்கம். மானாப் புல்லின் வேர் ஆழமாக இறங்கியிருந்தது. ஆண்டியப்பன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.